சொறியின் கீழ் வாழும் மீனுக்குக் கொட்டுப்படாதா?

வாசகர் ஒருவரின் கூற்று, ஜனவரி 9

கடற்சொறிகளின் (ஜெல்லிமீன்களின்) இழைகளுக்கிடையே வாழும் மீன்களுக்குக் கொட்டுப்படுவதே இல்லை. கோமாளி மீனைப் போல அவையும் உடலில் ஒருவகை வழுவழுப்பைப் பூசிக்கொள்கின்றன. மீன் மற்ற மீன்களைக் கவர்ந்து வந்து சொறிக்கு இரையாகக் கொடுக்கிறது; சொறி அதற்குக் காவலாக இருக்கிறது. இயற்கையில் இதைவிடச் சிறந்த நட்பு இல்லை. திருகோணமலைப் பக்கம் இருப்பவர்கள் எவராவது இதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

ஜனவரி 9, இரவு

பார்த்திருக்கிறேன். ஆனாலும் நட்பு என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். கொட்டுப்படுவதே இல்லை என்பதும் தவறு.

நீங்கள் குறிப்பிடுவது நோமெய்டே என்ற குடும்பத்தையாக இருக்கவேண்டும். நோமியஸ், செனெஸ், கியூபிசெப்ஸ் என மூன்று பேரினங்களும் ஏறத்தாழ 16 இனங்களும் கொண்ட சிறிய குடும்பம் அது. வெப்பக் கடல்களின் திறந்த நீரில் வாழும் இந்த மீன்கள், குஞ்சுப் பருவத்தில் சொறிகளின் கீழும், மிதக்கும் பாசி, மரத்துண்டு போன்றவற்றின் கீழும் ஒதுங்கி வளர்கின்றன. அவற்றுள் மிகவும் பெயர்பெற்றது நோமியஸ் குரோனோவி. வெள்ளி உடலில் கருநீலத் திட்டுகளும், விசிறிபோல் விரியும் பெரிய கறுத்த வயிற்றுத் துடுப்புகளும் கொண்ட இந்த மீன், போர்த்துக்கேயப் போர்க்கப்பல் எனப்படும் நீலச் சொறியின் இழைகளுக்குள் வாழ்கிறது.

நான் பார்த்தது இறக்கக்கண்டியில். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கரைவலையில் தண்டையலாக இருந்தார். ஒருநாள் வலை வளைக்கப் போன தோணியின் அருகே சோற்றுப் பானை அளவில் ஒரு சொறி மிதந்து போயிற்று. அதன் குடைக்குக் கீழே கோடு போட்ட சிறு மீன்கள் ஏழெட்டு, சொறி திரும்பிய பக்கமெல்லாம் தாமும் திரும்பியபடி நீந்தின. துடுப்பை வைத்துத் தண்ணீரைக் கலக்கியபோது அவை வெளியே ஓடவில்லை. இன்னும் உள்ளே, இழைகளுக்குள் புகுந்தன. அது நோமியஸ்தான் என்று நெடுங்காலமாக நம்பிவருகிறேன்.

ஜனவரி 10

நேற்றைய குறிப்பில் நீலச் சொறியை மற்றச் சொறிகளோடு சேர்த்து எழுதிவிட்டேன். அது தனியொரு உயிரி அன்று. மிதப்பதற்கு ஒன்று, கொட்டி இரை பிடிப்பதற்குச் சில, செரிப்பதற்குச் சில, இனம் பெருக்குவதற்குச் சில என்று வேலை பிரித்துக்கொண்ட பல உடலிகள் ஒட்டி வாழும் குடித்தொகுதி அது. அதன் இழைகள் சாதாரணமாக 10 மீற்றர் நீளம் இருக்கும். 30 மீற்றர் வரை நீள்வதும் உண்டு. அவற்றின் நெடுகிலும் அழன்மொட்டுச் சிறைப்பைகள், அதாவது கொட்டும் நுண்ணிய நஞ்சுப் பைகள், நெருங்கியிருக்கின்றன.

இனி வழுவழுப்பு. கோமாளி மீன் அதைக்கொண்டே கடலனிமனி என்ற கொட்டும் கடலுயிரிக்குள் வாழ்கிறது என்பது சரி. நோமியஸ் அந்த வழியில் செல்வதாகத் தெரியவில்லை. அதன் முதுகெலும்பில் 41 முள்ளெலும்புகள் உள்ளன. அது அந்த உடலுக்கு மிகுந்த வளைவைத் தருகிறது என்கிறார்கள். இழை எங்கே தொங்குகிறதோ அங்கே உடல் இல்லாதபடி வளைந்து விலகுவதே அதன் முதற் காவல். இரண்டாவது காவல் இரத்தத்தில் இருக்கிறது. நீலச் சொறியின் நஞ்சை ஊசிவழியாகச் செலுத்திப் பார்த்த பரிசோதனையில், இதே அளவுள்ள வேறு மீன்களைக் கொல்லும் அளவைப்போல் 10 மடங்கு வரை நோமியஸ் தாங்கியிருக்கிறது.

தாங்குவது வேறு, கொட்டுப்படாமல் இருப்பது வேறு. நன்றாக அகப்பட்டுக்கொண்ட நோமியஸைச் சொறி தின்றுவிடுகிறது. நட்பு என்ற சொல்லை நான் மறுப்பதற்கு முதற் காரணம் இதுவே. கயிற்றின் மேல் நடப்பவனுக்கும் கயிற்றுக்கும் இடையில் இருப்பதை எவரும் நட்பு என்று சொல்வதில்லை.

ஜனவரி 12

பெயரைப் பற்றிக் கேட்டவருக்கு: நோமியஸ் என்பது இடையன், மேய்ப்பவன் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். இடையன் முல்லைக்கு உரியவன். இங்கே நெய்தலுக்கும் அப்பால், கரையே தெரியாத கடலுக்குப் போய்விட்டான். குரோனோவி என்பது ஒல்லாந்து இயற்கையியலாளர் குரோனோவியஸின் நினைவாக 1789-இல் வைக்கப்பட்டது. சொறியின் பெயரோ அதன் மிதவை போர்த்துக்கேயரின் பாய்க்கப்பலைப் போல் இருந்ததால் வந்தது. 1622-இல் கோணேசர் கோயிலை இடித்த கப்பற்காரரின் பெயர் ஒன்றிலும், அவர்களுக்குப் பின் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் பெயர் மற்றதிலுமாக, எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் பாதி இந்தச் சொறியிலும் மீனிலும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 17

மூன்று நாட்களாக வாடை கடுமையாக அடித்தது. இன்று காலை உப்புவெளிக் கடற்கரையில் நீலச் சொறிகள் ஒதுங்கிக் கிடந்தன. அலை ஏறிய இடத்தில் பாசியும் தேங்காய் மட்டையும் சேர்ந்து ஒரு கோடாகக் கிடக்க, அந்தக் கோட்டின் நெடுகிலும் நீலம் தெரிந்தது.

ஒரு தகரக் கரண்டியும் வெள்ளைப் பீங்கான் கிண்ணமும் கொண்டு போயிருந்தேன். கடல்நீர் நிறைத்த கிண்ணத்தில் ஒன்றை இட்டவுடன், மணலில் சுருண்டு நூற்பந்துபோல் கிடந்த நீல இழை மெல்ல அவிழ்ந்து கிண்ணத்தின் அடியில் படிந்தது. எங்கள் பக்கம் ஒதுங்குவது சிறிய வகை: மிதவை என் பெருவிரல் நீளம், முதன்மையான நீண்ட இழை ஒன்றுதான். பூதக்கண்ணாடியில் அந்த இழை ஒரு மாலையைப்போலத் தெரிந்தது. நீல மணிகளை இடைவிடாமல் கோத்ததுபோன்ற அந்த ஒவ்வொரு புடைப்பும் கொட்டும் பைகளின் குவியல். மிதவையின் உச்சியில் இளஞ்சிவப்பு விளிம்போடு மடிப்பு மடிப்பான ஒரு பாய் இருந்தது. மிதவைக்குள் இருக்கும் வாயுவில் காபனோரொட்சைட்டும் கலந்திருக்கிறது. அதைச் சொறி தானே உண்டாக்கிக்கொள்கிறது.

அந்தப் பாய் நடுவில் நேராக நிற்பதில்லை. சிலவற்றில் இடப்பக்கமாகவும் சிலவற்றில் வலப்பக்கமாகவும் சாய்ந்திருக்கும். அதனால் ஒரே காற்றில் ஒருவகை ஒரு பக்கமாகவும் மறுவகை மறுபக்கமாகவும் விலகிப் போகும். நான் எடுத்துப் பார்த்த இருபத்துமூன்றில் இரண்டைத் தவிர எல்லாம் ஒரே பக்கச் சாய்வு உடையவை. மற்றவை இந்த வாடையில் வேறு எங்கோ போயிருக்கும்.

மீன் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சொறியைச் சுற்றியும் மணலைக் கிளறிப் பார்த்துவிட்டேன். கரை நெருங்கும்போது மீன் விலகிவிடும்போலும்.

(இந்தச் சிறிய வகையையும் அத்திலாந்திக்கின் பெரிய வகையையும் ஒரே இனம் என்று நெடுநாள் கருதிவந்தார்கள். 2025-இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதை நான்கு இனங்களாகப் பிரித்திருக்கிறது. ஆகவே என் பழைய குறிப்புகளில் ஒரே பெயரால் எழுதியதை அப்படியே கொள்ளவேண்டாம்.)

ஜனவரி 18

கையால் எடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பிள்ளைகளையும் எடுக்கவிடாதீர்கள். காய்ந்து கிடக்கும் இழையும் கொட்டும். பட்டுவிட்டால் மணலால் தேய்க்கக்கூடாது. இழையைத் துணியாலோ குச்சியாலோ அகற்றி, கடல்நீரால் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில், அதாவது ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில், 20 நிமிடம் வைத்திருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவில் செய்த ஒப்பீட்டில் ஐஸ் வைப்பதைவிட வெந்நீரே வலியை நன்றாகத் தணித்தது. மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சிறுவயதில் கரைவலைக் கயிற்றில் ஒட்டிவந்த சொறி என் முழங்கை வரை கோடு போட்டபோது தேசிக்காயும் மணலும் வைத்துத் தேய்த்தார்கள். அந்த இரவு முழுவதும் நான் உறங்கவில்லை.

பெப்ரவரி 2

ஜனவரி 9-இல் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவேண்டியிருக்கிறது.

பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது கடந்தும் கடலைப் பற்றிக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அன்று தோணியில் அவரும் இருந்தார். சொறிக்குக் கீழே கோடு போட்ட மீன்கள் என்று நான் தொடங்கியவுடனேயே, “மஞ்சள் மீன், கறுப்புக் கோடு. அது பாரைக்குஞ்சு தம்பி. சொறிக்குக் கீழேயும் நிற்கும், சுறாவுக்கு முன்னாலேயும் போகும்” என்றார்.

அவர் சொன்னபிறகுதான் மஞ்சள் எனக்கும் நினைவில் மீண்டது. புத்தகத்தில் நோமியஸின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் நினைவு அந்த மீன்களுக்கு நீலம் தீட்டி வைத்திருந்தது. மஞ்சள் உடலில் கறுப்புக் குறுக்குக் கோடுகள் என்றால் அது பொன்பாரையின் குஞ்சு. சொறிகளோடும் சுறா போன்ற பெரிய மீன்களோடும் சேர்ந்து திரிவது அதன் வழக்கம். மேலும் நான் பார்த்தது குடையுள்ள சாதாரணச் சொறி. நோமியஸ் குடியிருக்கும் நீலச் சொறி அன்று. இந்த இரண்டாவது குறிப்பு ஒன்றே போதும், நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

பாரைகளும் சொறியின் கீழ் வளர்கின்றன. ஆனால் அவை கரங்கிடே என்ற வேறு குடும்பம். ஆகவே நோமெய்டே குடும்பத்து மீன் ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. முதற் கேள்விக்கு என் விடை இப்போது இதுதான்.

பெப்ரவரி 15

காணாத மீனைக் காண்பதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது. நோமெய்டேயும் வெள்ளை வவ்வால் மீனின் குடும்பமும் ஒரே துணைவரிசையைச் சேர்ந்தவை. ஸ்ட்ரோமாட்டியொய்டெய் என்ற அந்தத் துணைவரிசையை ரிச்சர்ட் ஹேட்ரிச் 1967-இல் விரிவாக ஆராய்ந்து வகைப்படுத்தினார். அதன் மீன்களுக்குத் தொண்டையில், கடைசிச் செவுள் வளைவுக்குப் பின்னால், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் பல்லுள்ள பை ஒன்று உண்டு. அமார்சிப்பஸ் என்ற ஒரு மீன் மட்டுமே அதற்கு விலக்கு. இந்தப் பை வவ்வால் மீனிலும் இருக்கவேண்டும் அல்லவா?

இன்று சந்தையில் இரண்டு வெள்ளை வவ்வால் கிடைத்தன. உடலைச் சமையலுக்குக் கொடுத்துவிட்டுத் தலை இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன். செவுள் மூடியைக் கத்தரித்து, சிவந்த செவுள்களை ஒவ்வொன்றாக மடக்கி வெட்டி எடுத்தபின், நாலாவது வளைவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகத் தடித்த சதைப் புடைப்பு தெரிந்தது. பார்வைக்குக் கோழியின் இரைப்பையைப்போல் இறுக்கமாக இருந்தது. சவர அலகால் நீளவாக்கில் கீறி விரித்தேன். உட்புறம் முழுவதும் பலாப்பழத் தோலைச் சிறிதாக்கி உள்பக்கமாகத் திருப்பியதுபோல முளைகள். விரல்நுனியை உள்நோக்கித் தடவினால் வழுகியது. வெளிநோக்கி இழுத்தால் பூனையின் நாக்கைப்போல் பிடித்தது. பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு முளையின் நுனியிலும் வெள்ளை ஊசிமுனைகள் தெரிந்தன. ஒரு முளையைக் கிள்ளி வெந்நீரில் இட்டு, சதை கழன்றபின் பார்த்தபோது, கதிர்கள் விரிந்த நட்சத்திரம்போல ஒரு சிற்றெலும்பு மிஞ்சியது.

நாற்பது ஆண்டுகளாக வவ்வால் தின்றுவருகிறோம். அந்தத் தலையைக் குழம்பில் போட்டு உறிஞ்சியுமிருக்கிறோம். தொண்டைக்குள் இப்படி ஒன்று இருப்பதை வீட்டில் ஒருவரும் கவனித்ததில்லை. என் மனைவி பூதக்கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, மற்றத் தலையையும் வெட்டச் சொன்னார். இரண்டிலும் ஒரே அமைப்புத்தான்.

பெப்ரவரி 16

கறுப்பு வவ்வாலில் இல்லை. இன்று வாங்கி வெட்டிப் பார்த்தேன்.

இல்லாதது நியாயமே. உருவத்தாலும் பெயராலும் வவ்வாலாக இருந்தாலும் அது பாரைக் குடும்பத்து மீன். வாலடியில் விரலை ஓட்டினால் நடுக்கோட்டில் சொரசொரப்பாகத் தட்டுப்படும் செதில்வரிசை பாரைகளுக்கு உரியது. வெள்ளை வவ்வாலில் அது இல்லை. சந்தையில் ஒரே தட்டில் கிடக்கும் இந்த இரண்டையும் தொண்டையும் வாலடியும் பிரித்துவிடுகின்றன. கரைவலைப் பாரைக்குஞ்சை நான் நோமியஸ் என்று எண்ணியதும், ஊரார் பாரையை வவ்வால் என்று அழைப்பதும், உருவ ஒற்றுமையைக் குடும்ப ஒற்றுமையாகக் கொண்ட ஒரே தவறுதான்.

மார்ச் 4

பை எதற்கு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

சொறியைத் தின்பதற்கு அது மிகவும் ஏற்றது. சொறியின் உடலில் பெரும்பகுதி தண்ணீர். கடித்தால் வழுக்கும், விழுங்கினால் வயிற்றை நிறைத்துச் சத்தில்லாமல் போகும். அதைப் பையில் இட்டு நெரித்துக் கிழித்து அனுப்பினால் பயன் உண்டு. இந்தத் துணைவரிசை மீன்களின் வயிற்றில் சொறித் துண்டுகளும் அவைபோன்ற மெல்லுடலிகளும் திரும்பத் திரும்பக் கிடைப்பதும் இதற்கு ஒத்திருக்கிறது. வெள்ளை வவ்வாலுக்கு உறவான பெப்ரிலஸ் என்ற சிறிய அமெரிக்க மீன், கொட்டும் சொறியின் கீழ் வாழ்வதை 1963-இல் எழுதிய மான்சூட்டி, அது தங்கியிருக்கும் சொறியையே கொறிப்பதையும் எழுதினார். நோமியஸும் அப்படித்தான். நீண்ட இழைகளை விட்டு விலகி, மிதவைக்கு நேர்கீழே உள்ள சிறிய இழைகளைக் கடித்துத் தின்கிறது.

இதைத்தான் நட்பு என்ற சொல்லுக்கு எதிரான இரண்டாவது காரணமாக வைக்கிறேன். குடியிருப்பவன் வீட்டுக் கூரையைப் பிய்த்துத் தின்கிறான். அவன் கால் தவறினால் வீடு அவனைத் தின்கிறது.

மீன் இரையைக் கவர்ந்து வருகிறது என்ற பழைய கதையும் எனக்குப் பொருந்தவில்லை. நீலச் சொறியின் இரையில் பெரும்பங்கு மீன்குஞ்சுகளே. 10 மீற்றர் இழையைத் தொங்கவிட்டுக் காற்றோடு போவது, மிதவை கட்டி நீரோட்டத்தில் விட்ட வலைக்குச் சமம். அந்த வலைக்கு மீனைக் கூப்பிட்டு வர ஆள் வேண்டியதில்லை. வலை போகும் வழியில் மீன் இருந்தாற் போதும்.

மார்ச் 5

நேற்று “கூரையைப் பிய்த்துத் தின்கிறான்” என்று எழுதியது சற்றுக் கடுமை. இழை மீண்டும் வளரும். சொறிக்கு ஏற்படும் இழப்பு பெரிதாக இராமல் இருக்கலாம். ஆனாலும் அதை நட்பு என்று சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 19

இன்று நோமெய்டே குடும்பத்து மீனைக் கையில் எடுத்தேன். சொறியின் கீழ் அன்று, சூரையின் வயிற்றில்.

எங்கள் கரையின் தனித்தன்மையை முதலில் சொல்லவேண்டும். கொட்டியாரக் குடாவிலிருந்து வெளியே இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு காரணமாக ஆழ்கடல் இங்கே கரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. திமிங்கிலங்களைக் காண்பதற்கு அதிக தூரம் போகவேண்டாம் என்பதும் இதனால்தான். அன்றே போய் அன்றே திரும்பும் பைபர் படகுகளும் மஞ்சட் சூரையோடு வருகின்றன. நோமியஸ் உள்ளிட்ட இந்தக் குடும்பத்து மீன்கள் வளர்ந்தபின் மேல்நீரின் சொறிகளை விட்டு ஆழத்துக்கு இறங்குகின்றன. அவற்றுள் கியூபிசெப்ஸ் பேரினத்து மீன்கள் இந்து சமுத்திரச் சூரைகளுக்கு முக்கிய உணவு என்று மேற்கு இந்து சமுத்திரத்தில் சூரை வயிறுகளை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சொறியைப் பார்த்துக்கொண்டே இருந்த நான், சூரையைப் பார்க்கவேண்டும் என்பதை இவ்வளவு நாள் யோசிக்கவில்லை.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் சூரை வெட்டுகிறார். வயிறுகளை எறியாமல் வாளியில் போட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். இன்று பதினொரு வயிறு கிடைத்தது. பெரும்பாலானவற்றில் கணவாயின் அலகும் அரைகுறையாகச் செரித்த கூழும்தான். ஏழாவதில் ஒரு சாண் கூட இல்லாத நாலு மீன்கள் ஒரே பக்கமாகத் தலைவைத்துக் கிடந்தன. தோல் கரைந்துபோய்க் கருமையான சதை தெரிந்தது, உடல் சுருட்டைப்போல் நீண்டு உருண்டிருந்தது, கண் பெரிது. ஒன்றில் மட்டும் கைத்துடுப்பு அழியாமல், சிறகுபோல் உடலின் நடுப்பகுதியையும் தாண்டிப் படிந்திருந்தது. கியூபிசெப்ஸின் அடையாளங்களில் அது ஒன்று.

ஆனால் அரைகுறையாகச் செரித்த மீனைத் துடுப்பை மட்டும் வைத்துத் துணிய எனக்கு மனம் வரவில்லை; பாரைக்குஞ்சின் அனுபவம் இருக்கிறது. வாளிக்குப் பக்கத்திலேயே குந்தி, செவுள் மூடியை விலக்கி, பின்பக்கத்தைக் கீறினேன். வவ்வாலில் கண்ட அதே பை. அளவு பயறு அளவுதான். உள்ளே முளைகள். விரல்நுனியை வெளிநோக்கி இழுத்தபோது அதே பிடி. சூரையின் வயிறு தோலையும் கண்ணையும் கரைத்திருந்தும் எலும்பு வேரூன்றிய அந்தப் பற்களைக் கரைக்கவில்லை.

அந்தத் தம்பி என் விரலைப் பிடித்துத் தானும் ஒருமுறை தடவிப் பார்த்தார். இந்தக் கறுத்த மீனை நாள்தோறும் கடலில் எறிவதாகச் சொன்னார்.

ஏப்ரல் 20

ஒருவர் எழுதியிருப்பது சரியான கேள்வி: சொறியே இல்லாத இடத்தில் பிடிபட்ட மீனைச் சொறியோடு வாழும் குடும்பம் என்று சொல்லலாமா? அந்தப் பெயர் குஞ்சுப் பருவத்துக்கே பொருந்தும். மறைவிடம் எதுவும் இல்லாத நடுக்கடலில் ஒரு விரல் நீள மீனுக்குச் சொறியின் இழை, மரத்துண்டு, பாசி என எது கிடைத்தாலும் அது வீடு. 39 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடிய நோமியஸ், படங்களில் எப்போதும் 10 சென்ரிமீற்றர் மீனாகவே நீலச் சொறியின் கீழ் காணப்படுவதற்கும் காரணம் இதுவே. வளர்ந்ததும் அது அந்த வீட்டை விட்டு இறங்கிப்போய்விடுகிறது. முதலில் வந்த நட்புக் கூற்றை எழுதிய வாசகர் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 26

நாலு மீன்களில் நன்றாக இருந்ததை மதுசாரத்தில் இட்டுப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வைத்துவிட்டேன். செவுள் மூடியை அகற்றி, தொண்டைப் பை வெளியே தெரியும்படி வைத்திருக்கிறேன். பக்கத்துப் போத்தலில் வெள்ளை வவ்வாலின் தலை. சீட்டில் நாள், கொட்பே, மஞ்சட் சூரையின் வயிறு, நோமெய்டே, கியூபிசெப்ஸ் என்று எழுதியிருக்கிறேன். துடுப்புக் கதிர்களை எண்ணி முடித்தபின் எழுதுவதற்காக இனப்பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.